பதினாலு தட்டு, பதினாலு டோக்கன்

எங்கள் வீட்டில் என் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. ஒன்று, கோலார் தங்கவயல் ஊரிகத்தில் பதினாலு குடும்பங்களின் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டை ஒரே மத்தியானத்தில் அநாதையாக்கியது. இரண்டு, என் மாமியார் ரெஜினாவின் பிஸ்கட் மாவில் சோம்பு போட மறந்தது. முதல் குற்றத்தைச் செய்தது நான்தான், மறுக்கவில்லை. இரண்டாவதைப் பற்றி அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அவர் இன்னும் மாமியார் ஆகவில்லை, ரெஜினா ஆன்ட்டி. நான் பெங்களூரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கோலார் தங்கவயலில் பாதிப் பேரைப் போல விடிகாலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புகிறவன். கிடங்கில் என் வேலை, எந்தப் பெட்டி யாருடையது என்று சீட்டு ஒட்டுவதும், ஒட்டிய சீட்டு விழாமல் பார்த்துக்கொள்வதும். (இப்போதே சிரிக்காதீர்கள். கடைசியில் மொத்தமாகச் சிரித்துக்கொள்ளலாம்.)

நான்சியும் அதே ரயில். எனக்கு இடம் பிடித்து வைப்பாள். நாங்கள் மைசூர் மைன்ஸ் பக்கம், பௌத்தக் குடும்பம். அவர்கள் ஊரிகத்தில் கிறிஸ்தவக் குடும்பம். விஷயத்தைச் சொன்னபோது என் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "காலைல அந்தக் கூட்டத்துல எடம் புடிச்சித் தருதா அந்தப் பொண்ணு? அப்ப கட்டிக்கோ." எங்கள் பக்கம் அத்தோடு முடிந்தது.

ரெஜினா ஆன்ட்டி அப்படி இல்லை. என்னை உட்கார வைத்து, டீ கொடுத்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிறிஸ்துமஸ் ஆவட்டும் தம்பி, பாக்கலாம்" என்றார். அதற்கு முன்னால் நான்சிக்கு வந்த இரண்டு வரன்களுக்கும் இதே "பாக்கலாம்"தான் கிடைத்தது. இரண்டு பேரும் இப்போது வேறு யாரையோ கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

"அம்மாவுக்கு சாமி, மதம் எல்லாம் ரெண்டாவது" என்றாள் நான்சி. "சொன்ன வேலையச் சொன்ன மாதிரி செய்யிற ஆளான்னுதான் பாப்பாங்க. பிஸ்கட் வேலைக்கு உன்னைக் கூப்புட்டுகீறாங்க. அதுல மட்டும் சொதப்பிடாத கௌதம், கையெடுத்துக் கும்புடறேன்."

பிஸ்கட்டா? பிஸ்கட்டில் சொதப்ப என்ன இருக்கிறது என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அந்த சோம்பு பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்சியின் அப்பாவுக்குத் தாத்தா, மைன்ஸ் காலத்தில் ஒரு வெள்ளைக்கார பங்களாவில் பட்லராக இருந்தவர். அந்த வீட்டு துரைசானி, கிறிஸ்துமஸ் வந்தால் தன் ஊர் ஞாபகம் தாங்காமல், மைதா, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, சோம்பு வைத்து ஒரு பிஸ்கட் போடச் சொல்லிக்கொடுத்தாராம். பட்லர் வீட்டிலிருந்து பக்கத்து வீடு, பக்கத்து வீட்டிலிருந்து பக்கத்து லைன் என்று அது ஊரிகம் முழுக்கப் பரவிவிட்டது. பரவினதில் வீட்டுக்கு வீடு ஒரு திருத்தம். ஒரு வீட்டில் சோம்பைக் கொதிக்கவைத்த தண்ணீரில் மாவு பிசைவார்கள். ஒரு வீட்டில் முட்டையின் மஞ்சள் மட்டும்தான். ஒரு வீட்டில் இரண்டு மூடி பிராந்தி (மாவுக்கு ஒரு மூடி, பிசைகிறவருக்கு ஒரு மூடி). திருத்தம் எல்லாம் உள்ளேதான். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வட்டம், மேலே முள்கரண்டியால் இழுத்த மூன்று கோடு.

இந்தத் திருத்தத்தினால்தான் நான்சி வீட்டிலும் சண்டை. பட்லரின் சொந்த ரத்தம் நான்சியின் அத்தை ஃப்ளோரா, அவள் அப்பாவின் தங்கை. சோம்பைப் பச்சையாகப் பொடிக்க வேண்டும் என்பது ஃப்ளோரா கட்சி. வாழ வந்த ரெஜினா ஆன்ட்டியோ, வறுத்துப் பொடித்தால்தான் வாசனை என்று கண்டுபிடித்து, அதைக் கோயில் வாசலில் நாலு பேர் எதிரில் சொல்லியும் விட்டார். "எங்க தாத்தாவுக்குத் தெரியாதது வாழ வந்தவங்களுக்குத் தெரிஞ்சிச்சா?" என்று ஃப்ளோரா கேட்க, பேச்சுவார்த்தை நின்று அப்போதைக்கு ஆறு வருஷம். இரண்டு பேரும் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள், பேசமாட்டார்கள். (நடுவில் மாட்டிக்கொண்ட நான்சியின் அப்பா, பேசுவதையே பொதுவாகக் குறைத்துக்கொண்டார்.)

மைன்ஸ் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் ஓவன் ஏது? மாவை வட்டம் போட்டு, தகரத் தட்டில் அடுக்கி, சம்பங்கி மாஸ்டரின் பேக்கரிக்கு எடுத்துப் போவார்கள். காலையில் பன்னும் ரொட்டியும் போட்டு முடித்த பிறகு விறகு அடுப்பில் மிச்சம் இருக்கும் சூடு பிஸ்கட்டுக்குச் சரியாக இருக்கும். தட்டுகள் எல்லாம் ஒரே தகரக்காரர் செய்தவை, ஒன்றுக்கொன்று வித்தியாசமே கிடையாது. ஆகவே யாருடைய தட்டு என்று தெரிய, ஒவ்வொரு தட்டின் மூலையிலும் ஒரு ஓட்டை, அதில் கம்பியால் கட்டின ஒரு பித்தளை டோக்கன். மைன்ஸில் ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்களுக்குக் கொடுத்த நம்பர் போட்ட டோக்கன்தான். மைன்ஸ் மூடியபோது பல வீட்டில் அது அப்படியே தங்கிவிட்டது. அப்பாவின் நம்பரும் மாமனாரின் நம்பரும் இப்படிப் பிஸ்கட் தட்டுக்கு வந்து சேர்ந்தன.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றேன். ரெஜினா ஆன்ட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தார். வீடு முழுக்க வறுத்த சோம்பு வாசனை. மிக்ஸி பக்கத்தில் ஒரு டபராவில் பொடி இருந்தது, மேலே சின்ன மூடி. கை மாவில், வாய் என் மேல்.

"தம்பி, கல்யாணம் ஆனா அப்பா அம்மாகூட இருப்பீங்களா, தனியாவா?"

"எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடி ஆன்ட்டி."

"நான் சொல்றது இருக்கட்டும், நீங்க இன்னா சொல்றீங்க?"

இப்படியே சம்பளம், கடன், தண்ணி, சிகரெட் என்று போய், கொழந்தைக்கு என்ன பேர் வைப்பீர்கள் என்பதில் வந்து நின்றது. (ஒரு மனுஷன் "பாக்கலாம்" கட்டத்தில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா அது?) நான் வியர்த்து வழிந்து பதில் சொல்லி முடிப்பதற்குள் மாவு உருண்டு, வட்டமாகி, கோடு வாங்கி, தட்டில் ஏறிவிட்டது. தட்டை என் கையில் கொடுத்து, "கூடவே நில்லு தம்பி. போன வருஷம் நம்ம தட்டுல எட்டு பிஸ்கட் கொறஞ்சிச்சி. சம்பங்கிய நம்பவே கூடாது" என்றார்.

பேக்கரியில் நின்றேன். அடுப்பு பக்கத்தில் நிற்கிறது என்றால் சும்மாவா, இஸ்திரி போட்ட சட்டை அரை மணியில் மாவு பிசைந்த துணி ஆகிவிட்டது. ஒன்றரை மணிக்குள் பதினாலு தட்டும் வெந்து வெளியே வந்தன. மாஸ்டர் எல்லாவற்றையும் நீள பெஞ்சில் வரிசையாக வைத்தார்.

"ஆயித்து! மூணு மணிக்குத்தான் எல்லாம் வருவாங்க. நான் போய் ஊட்டா முடிச்சிட்டு வரேன். பாத்துகினு இருபா, எதையும் தொடாத" என்று சாப்பிடப் போய்விட்டார்.

எதையும் தொடாத. இரண்டே வார்த்தை. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அந்தப் பேக்கரிச் சுவரில் ஒரு பலகை. வரிசையாக ஆணி, ஆணிக்கு மேலே மங்கலாக நம்பர். ஏதோ ஒரு சுரங்க ஷாஃப்ட்டின் டைம் ஆபீஸில் டோக்கன் மாட்ட வைத்திருந்த பலகை, பழைய மரமாக வந்து சேர்ந்தது. மாஸ்டர் அதில் கரித்துணியும் கரண்டியும் தொங்கவிட்டிருந்தார். என் அப்பா மைன்ஸ் மூடுகிற வரைக்கும் கேஜ் என்கிற இரும்புக்கூண்டு லிஃப்டில் இறங்கினவர். சின்ன வயசில் நூறு தரம் சொல்லியிருக்கிறார்: "கேஜ்ல மேல வந்தியா, மொத வேலை டோக்கனைக் குடு. பலகைல மாட்டணும். ஆணி காலியா இருந்தா உள்ள ஆளு மாட்டிகினு கீறான்னு அர்த்தம். ஊரே தேடும்."

பலகையைப் பார்த்தேன். காலி ஆணிகள். பெஞ்சைப் பார்த்தேன். பதினாலு தட்டும் மேலே வந்தாயிற்று, டோக்கன் மட்டும் இன்னும் தட்டிலேயே இருக்கிறது. மைன்ஸ்காரன் பிள்ளைக்கு அது பொறுக்குமா? எனக்குப் பொறுக்கவில்லை.

கரண்டியையும் துணியையும் எடுத்து ஓரமாக வைத்தேன். ஒவ்வொரு தட்டாகக் கம்பியை முறுக்கிக் கழற்றினேன். டோக்கனைத் துணியில் தேய்த்து, பளபள என்று ஆக்கி, சின்ன நம்பரிலிருந்து பெரிய நம்பர் வரைக்கும் வரிசையாக மாட்டினேன். அதோடு விட்டேனா? பெஞ்சில் மாவுத்தூள் சிந்தியிருந்தது. தட்டுகளை இங்கும் அங்கும் நகர்த்தி, பெஞ்சையும் துடைத்தேன். இப்படி ஒரு மாப்பிள்ளை எந்த மாமியாருக்குக் கிடைப்பான் என்று நிஜமாகவே நினைத்தேன். பலகையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து நான்சிக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "சூப்பரா கீது. ஆனா இப்ப எந்தத் தட்டு யாருதுன்னு எப்பிடித் தெரியும்?"

அதை மூன்று தரம் படித்தேன். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். பதினாலு தட்டு, எல்லாவற்றிலும் ஒரே வட்டம், ஒரே மூன்று கோடு. எங்கள் தட்டைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓடிப்போய் மூணு மணி ரயிலைப் பிடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூணு மணிக்கு ரயில் கிடையாது.

மூணு மணிக்குப் பெண்கள்தான் வந்தார்கள், கூட்டமாக. முதலில் ஃப்ளோரா அத்தை. "இன்னாபா இது, டோக்கன் எல்லாம் சுவத்துல தொங்குது?" என்றார். அப்புறம் ஒவ்வொருவராகப் பெஞ்சைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், கடைசியில் என்னைப் பார்த்தார்கள். ரெஜினா ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வையில் "பாக்கலாம்" கூட மிச்சம் இல்லை.

"கழட்டுனது யாரு?" என்றார்.

"நான்தான் ஆன்ட்டி. தட்டு மேல வந்துடுச்சேன்னு..."

"மேல வந்துடுச்சா? எங்கேருந்துபா, முப்பதாவது லெவல்லேருந்தா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. ரெஜினா ஆன்ட்டி சிரிக்கவில்லை.

ஊட்டா முடித்து வந்த மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே தீர்ப்பும் சொன்னார். "வேற வழியே இல்லமா. அவங்கவங்க கை அவங்கவங்களுக்குத் தெரியாதா? ஒண்ணொண்ணா துன்னு பாத்து எடுத்துகினு போங்க."

ஊரிகத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. அவரவர் வீட்டுப் பிஸ்கட்டைத் தட்டில் வைத்து மூடி அனுப்புவார்கள், அடுத்தவர்கள் வாங்கி "ஆகா" என்பார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்ப்பது கிடையாது. அன்றைக்குப் பார்த்தார்கள். வெண்ணெயைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று பத்து வருஷமாகச் சொல்லிவந்த ஒரு அக்காவின் தட்டில் டால்டா பேசியது. அந்த அக்கா என்னை முறைத்த முறைப்பு இன்னும் என் முதுகில் இருக்கிறது. பிராந்தி வீட்டுத் தட்டை மூக்காலேயே கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்ததும் எல்லோரும் சும்மா இன்னொன்று எடுத்து உறுதி செய்துகொண்டார்கள்.

அரை மணியில் பன்னிரண்டு தட்டுகள் போய்விட்டன. ஆனால் யாரும் போகவில்லை. ஏனென்றால் மிச்சம் இரண்டு தட்டு, எதிரே நின்றது ரெஜினாவும் ஃப்ளோராவும்.

ரெஜினா ஆன்ட்டி முதல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் சுளித்தது. "ச்சீ! இதுல சோம்பே இல்ல! வெறும் மாவு. இன்னா பொம்பளையோ, கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்குச் சோம்பு போட மறந்துகீறா!" என்று ஃப்ளோராவைப் பார்க்காமல் ஃப்ளோராவுக்குச் சொன்னார். இரண்டாவது தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். "ஆங்! இது. இதுதான் என் கை. இந்த வாசனை வேற எவளுக்கு வரும்?"

ஃப்ளோரா அத்தை முன்னால் வந்தார். அந்த இரண்டாவது தட்டின் நாலு மூலையிலும் இருந்த பிஸ்கட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். நாலுக்கும் அடியில் ஒரு கிராம்பு குத்தியிருந்தது.

"எனக்கும் சம்பங்கி மேல நம்பிக்கை கெடையாது. நான் வருஷா வருஷம் அடையாளம் வெக்கிறவ" என்றார். அப்புறம் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, "என் கை நல்லா கீதா, அண்ணி?" என்றார்.

ரெஜினா ஆன்ட்டி கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு அப்படியே நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. மிக்ஸி பக்கத்தில், டபராவில், மூடி போட்டு அந்தப் பொடி அப்படியே இருக்கிறது. கொழந்தைக்கு என்ன பேர் என்று என்னைக் கேட்ட நேரத்தில் அது மாவில் விழுந்திருக்க வேண்டியது. வீடெல்லாம் சோம்பு வாசனையாக இருந்ததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால், பயம்தான். தியாகம் எல்லாம் ஒன்றும் இல்லை. ஏற்கனவே தொலைந்துபோன வரன் நான், இன்னொரு குற்றம் சேர்ந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்கிற கணக்கில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆன்ட்டி, மன்னிச்சிடுங்க. சோம்பைப் போட்டுப் பிசையச் சொல்லி என்கிட்டதான குடுத்தீங்க. நான்தான் மறந்துட்டேன்."

ரெஜினா ஆன்ட்டி திரும்பி என்னைப் பார்த்தார். நான் அந்த மாவைத் தொடவே இல்லை என்று உலகத்திலேயே தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஆமா, இவன்கிட்டதான் குடுத்தேன்!" என்றார். "படிச்சிப் படிச்சி சொன்னேன்!"

ஃப்ளோரா அத்தை விட்டிருந்தால் அங்கேயே ஜெயித்திருப்பார். விடவில்லை. "தட்டுல டோக்கனைக் கழட்டுறான், மாவுல சோம்பு போட மறக்குறான். இந்த மாதிரி ஒரு அரை வேக்காட்டையா அண்ணி நம்ம நான்சிக்குப் பாத்துகினு இருக்கீங்க?"

"ஆமா! பாத்துகினு இருக்கேன்!" ரெஜினா ஆன்ட்டியின் குரல் பேக்கரிக் கூரையில் போய் மோதியது. "இவன்தான் என் மருமவன். கழட்டுவான், மறப்பான், என் வீட்டு மாவு, என் வீட்டு சோம்பு. உனக்கு இன்னாடி?"

பதினாலு வீட்டுப் பெண்கள் சாட்சி. மாஸ்டர் சாட்சி. சொன்னது சொன்னதுதான், இனிமேல் அவராலேயே திருப்பி எடுக்க முடியாது. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு அண்ணியும் நாத்தனாரும் ஆறு வருஷத்து பாக்கியை அங்கேயே நின்று தீர்த்துக்கொண்டார்கள். பச்சையா, வறுத்ததா என்பதில் தொடங்கி யார் கல்யாணத்தில் யார் சரியாகக் கவனிக்கவில்லை என்பது வரைக்கும் போனது. நான்சியின் அப்பா தேடிக்கொண்டு வந்தவர், இரண்டு பேரும் பேசிக்கொள்வதைப் பார்த்து, வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டிக்கொண்டதும் பேச்சுதானே.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா ஆன்ட்டி நேராகச் சமையலறைக்குப் போய், டபரா மூடியைத் திறந்து பார்த்தார். பொடியை எடுத்து அடுப்பில் கொதித்த கோழிக் குழம்பில் கொட்டினார். என் பக்கம் திரும்பாமலே, "சாப்ட்டுட்டுப் போங்க மாப்ள" என்றார். குழம்பில் சோம்பு தூக்கலாக இருந்தது. நான் மூன்று தரம் ஊற்றிக்கொண்டேன்.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் போட்டோவை வாங்கி, கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, "வரிசை சரியாத்தான் கீது" என்றார்.

மே மாசம் கல்யாணம். பேக்கரிக்கு என்னை அதன் பிறகு யாரும் அனுப்பியதில்லை. சோம்பு மட்டும் என்னை விடவில்லை. நான் வாசல் தாண்டினால் போதும், ரயில் பாஸ் எடுத்தாயா, பூட்டினாயா என்று எங்கள் வீட்டில் கேட்கமாட்டார்கள். "சோம்பு போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். என் ஒன்பது வயசு மகளும் அதையேதான் கேட்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை (கல்யாணத்துக்குப் பிறகு ரெஜினா ஆன்ட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) அந்தக் கதையைச் சொல்வார். வருஷா வருஷம் அதில் கொஞ்சம் மசாலா கூடும். போன வருஷம் அவர் சொன்னபடி, நான் சோம்புப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேனாம். கதை முடிந்ததும், இருப்பதிலேயே பெரிய பிஸ்கட் டப்பாவை என் கையில் திணிப்பார். நானும் வாயைத் திறந்ததில்லை, நான்சியிடம்கூட.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் மனசு கேட்கவில்லை. அவருடைய பெயர் இதில் இருக்கிறதே. போன ஞாயிற்றுக்கிழமை ஊரிகத்துக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். நான்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்லா எழுதிகீறீங்க மாப்ள" என்றார். "ஃப்ளோரா கிராம்பு, சம்பங்கி ஊட்டா, எல்லாம் அப்பிடியே கீது. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு."

"எது அத்தை?"

"சோம்பு நீங்கதான மறந்தீங்க?"

அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டு இல்லை. சிரிப்பின் சாயல்கூட இல்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

"ஆமா அத்தை," என்றேன், "நான்தான்."

"அப்ப அதை மாத்தி எழுதிடுங்க" என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.